தொண்ணூற்று மூன்றா, தொண்ணூற்று ஆறா

என் மகள் ஹனீனின் கலியாணப் பேச்சு, ஒரு ரக்பி போட்டி எந்த வருஷம் தொடங்கியது என்ற கேள்வியில் முறிந்தது. சீதனத் தகராறு கிடையாது. பையனும் பெண்ணும் இரண்டு வருஷமாகப் பழகிச் சம்மதித்தவர்கள். அப்படியும் முறிந்தது.

மாப்பிள்ளை ரிம்ஸான் சிட்னியில் பென்டில் ஹில். அவனுடைய வாப்பா அஹ்மத் இலங்கையில் அக்குறணைக்காரர். என் கணவர் சிஹாப்தீன் கண்டிக்காரர். இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்திலேயே ரக்பிப் பைத்தியம் பிடித்து, அதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு வந்திருந்தார்கள். சிட்னியில் வாரட்டாஸ் என்ற அணி ஏற்கெனவே இருந்தது. மெல்போர்னில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. 2011இல்தான் சூப்பர் ரக்பி என்ற போட்டியில் எங்கள் ஊருக்கென்று ரெபெல்ஸ் அணியைச் சேர்த்தார்கள். முதல் ஆட்டமே வாரட்டாஸோடு, நாற்பத்து மூன்றுக்குப் பூச்சியம் என்று தோல்வி. இவர் வீட்டுக்கு வந்து, தொடக்கம் நல்லம் என்றார். அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் ரக்பிதான், மெல்போர்னில் நடந்த ஒரு ஆட்டத்தையும் விடவில்லை.

இந்தப் போட்டியைப் பற்றித் தெரிந்து எனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. இருந்தும் தெரியும், இவரோடு குடித்தனம் நடத்தினால் யாருக்கும் தெரிந்துவிடும். பத்து அணி, பன்னிரண்டாகி, பதினான்காகி, பதினைந்தாகி, பதினெட்டு வரைக்கும் போனது. ஆர்ஜென்டினா, ஜப்பான் என்று வழியில் கண்டவர்களை எல்லாம் ஏற்றினார்கள். கட்டுப்படியாகாமல் சிலரை இறக்கினார்கள். தென்னாப்பிரிக்கா ஐரோப்பாப் பக்கம் போய்விட்டது. சூப்பர் பத்து, சூப்பர் பன்னிரண்டு என்று பெயரோடு ஒட்டியிருந்த எண்ணைக்கூட ஒரு கட்டத்தில் எடுத்துவிட்டார்கள். அடிக்கடி பெயர் மாற்ற யாருக்குப் பொறுமை இருக்கும்?

சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு நான் சஹன் வைத்தேன். ஒரு பெரிய தாம்பாளம் சோற்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. தன் பங்கை முடித்தாலும் மற்றவர்கள் முடிக்கும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. பாதிச் சோற்றில் இவர், போட்டியின் வரலாறு தொண்ணூற்று மூன்றில், பத்து அணிகளோடு தொடங்குகிறது என்றார். அஹ்மத், ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு, தொண்ணூற்று ஆறில் நடந்ததுதான் முதல் போட்டி என்றார். சம்பளம் வாங்கினால்தான் விளையாட்டா என்று இவர் கேட்டார். ரிம்ஸான் இறைச்சித் துண்டுகளை இரண்டு பேர் பக்கமும் தள்ளிப் பார்த்தான். பலிக்கவில்லை.

"சிஹாப்தீன் நானா, நீங்க வரலாறு பேசப்படாது. உங்கட டீம் எண்ணிக்கைக்குச் சேர்த்தது" என்றார் அஹ்மத்.

"அப்ப இந்த வீட்டுல பொண்ணெடுக்கவும் வேணாம்."

அஹ்மத் பாதிச் சஹனில் எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். அதோடு முடிந்தது.

மூன்று மாதம் ஹனீன் வாப்பாவோடு பேசவில்லை. பெண்ணுக்குப் பொறுப்பான வலியாக அவர் நின்று சம்மதம் சொல்லாமல் நிக்காஹ் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இவர் இறங்கிவரவில்லை. பிள்ளை சாப்பிடாமல் அறைக்குள் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அந்த அணி நாசமாய்ப் போகட்டும் என்று ஒரு நாள் வாய்விட்டே சொன்னேன். மே மாதக் கடைசியில் போயிற்று. அடுத்த வருஷம் ரெபெல்ஸ் இருக்காது என்று அறிவித்துவிட்டார்கள்.

இவர் அணியின் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு, மடித்து, அலுமாரியில் வைத்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்தவர் மூன்று நாள் அநேகமாக அங்கேயே இருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் வாசலில் அஹ்மத் நின்றார். தலையில் தொப்பி, கையில் மூடிக் கட்டிய சோற்றுச் சட்டி. சாவு நடந்து அடுப்பெரியாத மய்யித்து வீட்டுக்குக் கொண்டுபோவதுபோலவே, சிட்னியிலிருந்து ஒன்பது மணிநேரம் கார் ஓட்டிக் கொண்டுவந்திருந்தார். பக்கத்து வீட்டுத் தனேஸ்வரி அன்ரி பார்த்துவிட்டு ஓடிவந்து, யார் தவறினது என்று கேட்டா. இவருடைய டீம் என்றேன். வாய்ப்பழக்கத்தில், என்ன வயசு என்றா. பதின்மூன்று என்றேன். பாவம் என்று சொல்லிவிட்டுப் போனா.

அஹ்மத் இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் குசினி வாசலில் நின்றேன், ஹனீன் என் முதுகுக்குப் பின்னால்.

"தொண்ணூத்து மூணு எண்டே வெச்சுக்கொள்ளுவோம் நானா" என்றார் அஹ்மத்.

இவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அஹ்மத், அவசரம் இல்லை, நிக்காஹை உங்களுக்குத் தோதான ஒரு சனிக்கிழமையில் வைக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

"எந்தச் சனிக்கிழமையும் சரி" என்றார் இவர். "எனக்கு இனிச் சனிக்கிழமையில ஒரு வேலையும் இல்ல."

ஹனீன் பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள். மகளுக்காகச் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அந்த மனுசனை நினைத்து அழுகை வந்தது.