கருவாட்டுப் பத்தியம்

ஜக்கையனுக்கு மலைக்காய்ச்சல் வருவதும் புதிதில்லை, அதற்குக் கொடுத்த மருந்தைப் பாதியில் விடுவதும் புதிதில்லை. போடியிலிருந்து தோட்டங்களுக்கு அரிசி பருப்பு ஏற்றிப் போய், ஏலக்காய் ஏற்றி இறங்கும் பொதிமாட்டுக்காரன் அவன். மலையில் படுத்து எழுந்து வந்தால் குளிர் தூக்கிப் போடும். கொயினா மருந்தை நாலு வேளை குடிப்பான். குளிர் விட்டதும் சீசாவைக் கூரையில் செருகிவிட்டு மாட்டை அவிழ்ப்பான். மறுபடி காய்ச்சல், மறுபடி நாலு வேளை. வருஷக்கணக்காக இதே கூத்து.

அவன் பெண்டாட்டி மூக்கம்மாளுக்கு அது கூத்தாக இல்லை. அவள் தம்பி சின்னமுத்துவும் பாதி மருந்தில் எழுந்துதான் குரங்கணி மலை ஏறினான். பிணமாகத்தான் இறக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து ஜக்கையன் மாட்டை அவிழ்க்கும்போதெல்லாம் அவன் திரும்பும் நாளை அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்குவாள். இந்தத் தடவை அவன் இடப்பக்க வயிற்றில் கட்டி வேறு கைக்குத் தட்டுப்பட்டது. ஆளை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள்.

டாக்டர் அப்துல் ஹமீது கம்பத்துக்காரர். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, திட்டாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"மாடு எப்ப மலையேறுது?"

"ஆவணி பொறந்ததும்ங்க."

"இன்னைக்கே ஆரம்பிச்சா மருந்த முடிச்சிட்டு ஏறலாம். காய்ச்சல் நின்னாலும் நான் சொல்ற வரைக்கும் குடிக்கணும். காலையிலயும் சாயங்காலமும் நீ தவறாமப் பாக்குற சோலி என்ன?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டுவேன்."

"அப்ப மாடு குடிச்சதும் நீ குடி. காது இரையும், பயப்படாத."

"பத்தியம் என்னாங்க?"

"ஒன்னுமில்ல. எல்லாம் சாப்பிடு."

ஜக்கையனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பத்தியமில்லாத மருந்தை எந்த மனுஷன் மதிப்பான்? மூக்கம்மாளுக்கும் அதே கவலைதான், ஆனால் அவள் நினைப்பு வேறு. பத்தியம் என்று வந்துவிட்டால் அக்கம்பக்கத்துக்குத் தெரியும், தெருவே அவனைக் காவல் காக்கும்.

"ஏதாச்சும் ஒன்னு சொல்லுங்கய்யா. இல்லாட்டி இந்த மனுசன் பாதியில விட்டுருவாரு."

"என்னையப் பொய் சொல்லச் சொல்றியாம்மா?" என்று எரிந்து விழுந்தார் டாக்டர். பாதியில் விட்டுப் போனவர்களை அவரும் எத்தனையோ பேர் பார்த்தவர். ஜக்கையன் பக்கம் திரும்பினார். "சரிப்பா, நீயா ஏதாவது ஒன்னை விடு. அதுக்கும் மருந்துக்கும் சம்பந்தமில்ல. இன்னும் முடியலங்கிற ஞாபகத்துக்கு, அவ்வளவுதான்."

"கருவாட்ட விட்டேன்" என்றான் ஜக்கையன் வீறாப்பாக.

மூக்கம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருவாடில்லாமல் அவனுக்குக் கஞ்சி இறங்காது.

ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மாடு குடித்ததும் அவனும் குடித்தான். காய்ச்சல் நின்ற பிறகும் குடித்தான். தெருவில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் "இன்னும் பத்தியமா?" என்று கேட்டார்கள். மூக்கம்மாளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இந்த வருஷம் பார்த்து ஏலக்காய் முந்தி விளைந்துவிட்டது. ஆடி முடியுமுன்னே தோட்டத்திலிருந்து கூப்பிட ஆள் வந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் ஜக்கையன் சாவதானமாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

"காசிமாயன் வீட்டுல மறந்தாப்புல கருவாட்டுக் கொழம்பு தின்னுட்டேன் புள்ள. பத்தியம் முறிஞ்சுபோச்சு. இனிமே கொயினா குடிச்சா ரெண்டும் சேந்து வெசமாயிரும். நாளைக்கு மாட்டோட நானும் ஏறுறேன்."

மறந்துதான் தின்றானா என்பது அவனுக்கே வெளிச்சம். ஆனால் விஷமாகும் என்பதை மட்டும் மனதார நம்பினான்.

"சம்பந்தமில்லன்னு டாக்டரய்யா அன்னைக்கே சொன்னாருல்ல?"

"அவரு என்ன, கருவாடு தின்னுட்டுக் கொயினா குடிச்சுப் பாத்தாரா?"

மூக்கம்மாள் பானையிலிருந்து ஒரு துண்டுக் கருவாட்டை எடுத்து அடுப்பில் சுட்டாள். அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து கஞ்சியோடு தின்றாள். பிறகு சீசாவை எடுத்து ஒரு வேளை மருந்தை ஊற்றி மடக்கென்று குடித்துவிட்டாள்.

"அடிப்பாவி! என்னா காரியம்டி பண்ணிட்ட!"

உப்புத் தண்ணீரைக் கரைத்துக் கொண்டுவந்து வாந்தியெடுக்கச் சொன்னான். கெஞ்சினான். அவள் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தலையைச் சாய்த்துக் காதைத் தடவினாள்.

"காது இரையுதா?"

"இரையுது. ஒனக்கும் இரைஞ்சுச்சுல்ல?"

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் இருமினால் பதறினான், இருமாவிட்டாலும் பதறினான். பொதி கட்டலாமா என்று கேட்க வந்த, கூடவே மாடு ஓட்டும் காசிமாயனை, "இங்க ஒருத்தி கெடக்குற கெடையில பொதியாம் பொதி!" என்று விரட்டியடித்தான்.

வெயில் தாழ்ந்தது. தண்ணிக்கு மாடுகள் கத்தின. மூக்கம்மாள் எழுந்து, கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜக்கையன்தான் அவள் பின்னாலேயே வந்து நின்றான்.

"செத்துக்கித்துப் போயிருந்தேன்னா நான் என்னாடி பண்ணுவேன்?"

அதுவரை கல்லாக இருந்தவள் அழுதுவிட்டாள்.

"ஒரு மத்தியானம் ஒக்காந்ததுக்கே இப்படிக் கேக்குற. நீ ஒவ்வொரு தடவை மலையேறும்போதும் நான் இப்படித்தான்யா ஒக்காந்திருக்கேன்."

ஜக்கையன் எழுந்து போய் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினான். திரும்பி வந்து சீசாவுக்குக் கையை நீட்டினான். கசப்பில் முகம் கோணியது. இருந்தும் முழுசாகக் குடித்தான்.

ராத்திரி ஜக்கையன் சொல்லி அனுப்பியபடி, விடிந்ததும் காசிமாயன் அவன் மாடுகளையும் சேர்த்து ஓட்டிப் போக வந்தான்.

"நெசமாவே வரலையா மாப்ளே?"

"மருந்து முடியல மாப்ளே. முடிஞ்சதும் வர்றேன்."

மாடுகள் மணியோசையோடு மேற்குத் தெருவைத் தாண்டிப் போயின. அவன் ரொம்ப நேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். மனசு பின்னாலேயே போனது, கால் போகவில்லை.

அன்று சாயங்காலம் தண்ணீர் காட்ட ஒரு மாடும் இல்லை. வழக்கமான நேரத்துக்குத் தொட்டியருகே போய் நின்று, ஜக்கையன் மருந்தைக் குடித்தான்.