குரோம் பூசிய கை

நீவா கிளம்பிப் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வெர்லன் டாக்கெட் காலிக் கொட்டகையில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தரையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடம் அந்த இடத்தில் நின்ற வண்டி. அப்பனும் மகளும் சேர்ந்து அறுத்து, ஒட்டி, சண்டை போட்டுச் செய்த வண்டி. இப்போது அது மகளையும் ஏற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போகிறது. பந்தயக் கார் கட்டும் பட்டறை ஒன்றில் அவளுக்கு வெல்டிங் வேலை கிடைத்திருக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த வேலையைக் கொடுக்க இந்த 1961-லும் எவனுக்கும் மனசு வராது. அந்தப் பட்டறைக்காரன் வண்டியின் படத்தைப் பார்த்த பிறகுதான் சரி என்றான்.

சமையலறையில் போன் அடித்தது. குரோம் பூசும் பட்டறை வைத்திருக்கும் எச்செவெரி. கிழவர் காரணம் இல்லாமல் போனைத் தொடுகிறவர் இல்லை.

"உம் பொண்ணு காலைல வண்டியக் கொண்டாந்து காட்டிட்டுப் போச்சு வெர்லன். நல்லாத்தான்யா பண்ணியிருக்கீங்க. திரும்பறப்ப அடியில ஒண்ணு பளபளன்னு மின்னுச்சு. அப்ப ஒறைக்கல. இப்ப காபி குடிக்கையிலதான் பொறி தட்டுச்சு. குதிரை வண்டி மாட்டுற கொக்கின்னு சொல்லி எங்கிட்ட ஒரு சாமான் குடுத்தியே, அது ஸ்டியரிங் கையா?"

வெர்லன் போன் கம்பியை விரலில் சுற்றினான்.

"யோவ், வாயத் தொற."

"ஆமா."

"அடப்பாவி மனுஷா! ஸ்டியரிங் சாமான் எதையும் நான் தொட்டியில முக்க மாட்டேன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் கொக்கின்னு சொன்னேன்."

"குரோம் தொட்டியில முங்கின இரும்ப எடுத்த கையோட அடுப்புல வச்சு நாலு மணி நேரம் வேகவைக்கணும்யா. இல்லைன்னா அது உள்ளுக்குள்ள கண்ணாடியாயிரும். சுத்தியலால அடிச்சாக்கூட தெரியாது. பாரம் இழுக்க இழுக்க, உள்ள கீறல் ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு நேரத்துல டப்புன்னு போயிரும். வெறும் கொக்கியை எவன் வேகவைப்பான்? நான் வைக்கல."

நெடுஞ்சாலைப் போலீசுக்குத் தானே சொல்கிறேன், நீ ஓடு என்றார் கிழவர். வெர்லன் போனை மாட்டக்கூட இல்லை. அது சுவரில் கம்பியோடு தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

ஸ்டியரிங் பெட்டியிலிருந்து கீழே இறங்கும் சாண் நீள இரும்புத் துண்டு அது. சக்கரங்களைத் திருப்புவது அதுதான். அது ஒடிந்தால் கையில் இருக்கும் ஸ்டியரிங் வெறும் தட்டு. வழியில் கோர்மன் மலை உச்சியைத் தாண்டிக் காஸ்டேக் பக்கம் இறங்கும் சாலையில் அது ஒடிந்தால் என்ன ஆகும் என்று வெர்லனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பள்ளத்தில் கிடக்கும் லாரிகளை அவனே இழுத்து ஏற்றியிருக்கிறான்.

எல்லாம் வீம்பு. வேறு என்ன சொல்வது? அவன் ஊரான ஆயில்டேலில், வீட்டுக் கொட்டகையில் வண்டி கட்டுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும்போது மேலே பார்ப்பதோடு விடமாட்டார்கள். மண்டி போட்டு, கைக்கண்ணாடியை நீட்டி, வண்டிக்கு அடியில் துரு இருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா என்று துழாவுவார்கள். அந்தக் கண்ணாடியில் தன் வண்டியின் அடிவயிறும் மின்ன வேண்டும் என்று வெர்லனுக்கு ஆசை. கறுப்புப் பெயிண்ட் போதும்ப்பா என்று நீவா தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டானா? பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றான்.

அவனுடைய வேலை வண்டி 1940-ஆம் வருடத்து ஃபோர்டு பிக்கப். கிழடு. ஏப்பம் விட்டுக்கொண்டுதான் கிளம்பும். அதை அன்றைக்கு அவன் மிதித்த மிதி அதற்குப் பிறந்ததிலிருந்து விழாத மிதி. பருத்திக் காடுகளும் எண்ணெய்க் கிணறுகளும் பின்னால் ஓடின. கிரேப்வைன் ஏற்றத்தில் ஜூலை மாத வெயில் மண்டையைப் பிளக்க, எஞ்சின் கொதிக்க ஆரம்பித்தது. ஓரத்தில் நிறுத்தி ஆறவிடுகிற வண்டிகள் வரிசையாக மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. வெர்லன் நிறுத்தவில்லை. எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தையாவது தன் பக்கம் இழுக்கலாம் என்று உள்ளே ஹீட்டரைத் திறந்துவிட்டான். கால் வெந்தது. ஒவ்வொரு வளைவிலும் கீழே எட்டிப் பார்த்தான். அவள் வண்டியின் மஞ்சள் நிறத்தில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தான். இல்லை என்றதும் மூச்சு வந்தது. அடுத்த வளைவு வந்ததும் போய்விட்டது.

கடவுளே, அவளும் கொதித்து எங்கேயாவது நிற்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னான். அவன் சர்ச்சுக்குப் போய் வருடக்கணக்காகிறது. மனைவி ஓபல் செத்ததோடு நிறுத்திவிட்டான்.

கோர்மன் பெட்ரோல் பங்கில் மஞ்சள் வண்டி நின்றது.

மேல்கூரையை நாலு விரல்கடை அறுத்துத் தாழ்த்திய 1936 பிக்கப். கூரையை அறுத்தது நீவா. அறுத்த கூரை முன்னும் பின்னும் பொருந்தாமல் கோணிக்கொண்டபோது, வெர்லன் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவள்தான் அதை நடுவில் பிளந்து, இடையில் தகடு வைத்து ஒட்டி, தையல் தெரியாமல் தேய்த்தாள். மூடி இல்லாத எஞ்சினிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. நீவா பக்கப் படிப்பலகையில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் வண்டி புகையோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"வந்துட்டியா? நெனச்சேன். என்ன, இந்தத் தடவை எந்த சாமான் கெட்டுப்போச்சு?"

"நீவா, வண்டிய எடுக்காத கண்ணு. ஸ்டியரிங் கை ஒடிஞ்சிரும்."

அவள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"போன மாசம் வண்டி கிளம்பக் கூடாதுன்னு டிஸ்ட்ரிபியூட்டர்ல இருந்த ரோட்டரக் கழட்டி மாவு டப்பால ஒளிச்சு வச்ச. நான் ரெண்டு நாள் பைத்தியக்காரி மாதிரி தேடினேன். போன வாரம் எஞ்சின் ஹெட்ல விரிசல்னு சொன்ன. கழட்டிப் பாத்தா ஒரு மயிரும் இல்ல. இப்ப ஸ்டியரிங். அடுத்து என்ன, ரோட்ல விரிசலா?"

"அதெல்லாம் பொய்தான். ஒத்துக்கறேன். இது நெஜம்."

"பொய்க்கும் நெஜத்துக்கும் உன் மூஞ்சி ஒரே மாதிரி இருக்கேப்பா. நான் என்ன பண்ண?"

அவன் எச்செவெரி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னான். குதிரை வண்டிக் கொக்கி என்று ஏமாற்றியதையும் சொன்னான். நீவா சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அவருகிட்டயும் பொய்யா? அப்ப ஊர்ல யாரத்தான் நீ விட்டு வச்ச?"

"கெழவருக்குப் போன் போட்டுக் கேளு."

பங்கிலிருந்தே கேட்டாள். எச்செவெரியின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. கிழவர் போலீஸ் நிலையத்துக்கு நேரிலேயே போயிருப்பார். அவருக்குப் போனில் நம்பிக்கை கிடையாது. வெர்லனின் அதிர்ஷ்டம் அப்படி.

வெர்லன் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தான். நீவா வந்து குறுக்கே நின்றாள்.

"நீ அடிச்சு ஒடிச்சிட்டு, பாத்தியா ஒடிஞ்சிருச்சுன்னு சொல்லுவ. குடு இங்க. நீ அந்தப் பக்கம் போய் நில்லு."

அவன் பங்கின் ஓரத்துக்குப் போய் நின்றான். அவள் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து, அந்தக் கையை அடித்தாள். ஒரு தடவை. மணிபோல ஒலித்தது. இன்னும் பலமாக அடித்தாள். ஒலித்தது, அவ்வளவுதான். மூன்றாவது அடிக்கும் அது அசையவில்லை. ஒடிந்துவிடு, ஒடிந்துவிடு என்று வெர்லன் தான் மாட்டிய சாமானைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டு நின்றான். எந்த மெக்கானிக்கும் அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டான்.

அடித்தால் தெரியாது என்று கிழவர் சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதை இப்போது போய்ச் சொன்னால் இவள் நம்புவாளா?

"அடிச்சாத் தெரியாதாம் நீவா. பாரம் இழுக்கும்போதுதான்..."

"நிறுத்துப்பா!" அவள் கத்தினாள். பங்கில் நின்ற லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா போனதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நானும் உன்கூடவே அந்தக் கொட்டகையில கெடந்து துருப்பிடிக்கணுமா? ஒரு தடவையாவது நல்லாப் போயிட்டு வாடீன்னு சொன்னியா நீ?"

சொல்லவில்லை. அன்று காலையிலும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.

நீவா ஏறி உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினாள். எஞ்சின் உறுமியது. வெர்லன் ஓடினான். அவள் வண்டிக்கு முன்னால் விழுந்து படுக்கலாமா என்று நினைத்தான், சுற்றிக்கொண்டு போய்விடுவாள். தன் வண்டியில் தாவி ஏறி, அவள் வெளியே வருவதற்குள் முன்னால் வெட்டி நுழைந்தான்.

அப்புறம் அவன் செய்ததைப் பார்த்தவர்கள் குடிகாரன் என்றுதான் நினைத்திருப்பார்கள். கோர்மனிலிருந்து இறங்கும் சாலையில், இரண்டு தடத்துக்கும் நடுக்கோட்டில் ஏறிக்கொண்டு, ஓடுகிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே உருட்டினான். மணிக்குப் பதினைந்து மைல். அதற்கு மேல் விடவில்லை. பின்னால் நீவா ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் லாரிகள். இடது பக்கம் அவள் நுழையப் பார்த்தால் இடது பக்கம் போனான். வலது பக்கம் நுழைந்தால் வலது பக்கம். ஒரு லாரிக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வெர்லனின் ஆத்தாளை இழுத்துத் திட்டினான். வெர்லன் கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. கண்ணாடியில் மஞ்சள் கூரை, அதற்குக் கீழே அவள் முகம். கோபத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

அழு, நல்லா அழு, உயிரோட இருந்து அழு என்றான் தனக்குள்.

அறுபதில் போகும்போது ஒடிந்தால் பிணம். பதினைந்தில் ஒடிந்தால் சிராய்ப்பு. அவன் கணக்கு அவ்வளவுதான். காஸ்டேக் வரைக்கும் ஐந்து மைல் செங்குத்து இறக்கம் பாக்கி இருந்தது. பிரேக் கருகும் நாற்றம் வந்தது. அது அவனுடைய பிரேக்.

இறக்கத்தில் மூன்றாவது வளைவில் அவள் பொறுமை போய்விட்டது. இடது பக்கம் வேகமாக ஒடித்து முந்தப் பார்த்தாள். வெர்லனும் இடது பக்கம் இழுத்தான். அவள் சட்டென்று முழுப் பலத்தோடு வலது பக்கம் திருப்பினாள்.

கண்ணாடியிலிருந்து மஞ்சள் கூரை காணாமல் போனது.

அவன் கைபிரேக்கைப் பிடுங்கி இழுத்துவிட்டு, கதவைத் திறந்துபோட்டு ஓடினான். பின்னால் லாரிகள் கிறீச்சிட்டு நின்றன. மஞ்சள் வண்டி சாலை ஓரத்துச் சரளையில், வெள்ளையடித்த மரக்கட்டை ஒன்றைச் சாய்த்துக்கொண்டு நின்றது. முன்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முழம் தரை இருந்தது. கீழே பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

நீவா உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் தள்ளினாள். அது சுற்றியது. மறுபடியும் தள்ளினாள். சுற்றிக்கொண்டே இருந்தது.

"அப்பா, இது சும்மா சுத்துதுப்பா."

"எறங்கு கண்ணு. மெதுவா. இந்தப் பக்கமா எறங்கு."

இறங்கினாள். அவன் பிடித்துக்கொண்டான். ஒடிந்த துண்டை அவளே குனிந்து எடுத்தாள். மேலே முகம் பார்க்கிற பளபளப்பு. ஒடிந்த வாயில் சர்க்கரைபோலப் பொடிப்பொடியாகச் சாம்பல் நிறம். நல்ல இரும்பு அப்படி ஒடியாது. அவளுக்கும் அது தெரியும். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நம்பல," என்றாள்.

"நம்புற மாதிரி நான் நடந்துக்கல."

லாரிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கிப் போயின. திட்டிய ஆள் போகும்போது தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான். அதற்கப்புறம் வெர்லன் நேரத்தை வீணாக்கவில்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வண்டிக்குப் போய் அதற்கு அடியில் நுழைந்தான்.

"என்னப்பா பண்ற?"

"உன் வண்டிக்கு முன்பக்கம் பூரா நாப்பதாம் வருஷத்துச் சாமான்தான. இதுவும் நாப்பதுதான். சரியாப் பொருந்தும். ரெண்டாவது சுத்தியல எடு. ஒருத்தரா இதக் கழட்ட முடியாது."

"இதக் கழட்டிட்டா உன் வண்டி?"

"நான் எங்க போகப் போறேன்?"

நீவா சுத்தியலை எடுத்துக்கொண்டாள். வந்து பக்கத்தில் படுத்தாள். ஒரு பக்கம் அவன் சுத்தியலை அணைத்துப் பிடித்துக்கொள்ள, மறு பக்கம் அவள் அடித்தாள். நாலாவது அடியில் பழைய கை கழன்று அவன் நெஞ்சில் விழுந்தது. கறுப்பாக, கிரீஸ் அப்பி, அசிங்கமாக இருந்தது. அதை மஞ்சள் வண்டியில் மாட்டும்போது கடைசி நட்டுக்கு அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"நீயே முறுக்கு. எங் கைய நம்பாத."

அவள் முறுக்கினாள். நட்டு கழலாதிருக்கப் பூட்டு ஊசியைக் குத்தி வளைத்தாள். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் இறங்கி வந்து ஸ்பேனரை அவனிடம் நீட்டினாள்.

"நீயும் ஒரு தடவை பாத்துரு."

வெர்லன் அதை வாங்கவே கொஞ்சம் நேரம் ஆனது. அடியில் போய், நட்டில் ஸ்பேனரை மாட்டி, முழுப் பலத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. கண்ணீர் மறைத்ததால் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தான்.

"சரியா இருக்கு," என்றான் வெளியே வந்து. "நல்லாப் போயிட்டு வாடி."

அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சட்டையெல்லாம் கிரீஸ். காஸ்டேக்கிலிருந்து இழுவை வண்டி அனுப்புகிறேன், போனதும் போன் செய்கிறேன் என்றாள். அவன் தலையாட்டினான். வண்டி கிளம்பியது. அவள் இரண்டாவது கியரிலேயே, பதினைந்து மைலிலேயே இறங்கிப் போனாள். முன்னால் மறிக்க யாரும் இல்லை. வளைவில் மறைந்த பிறகும் அந்த எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு இடத்திலும் அவள் வேகம் கூட்டவில்லை. சத்தம் தேய்ந்து நின்ற பிறகு, வெர்லன் திருப்ப முடியாத தன் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து உட்கார்ந்தான்.