கிளட்சை மிதித்தால் நகரும் வண்டி

1

என் பழைய நோட்டில் 1993-ஆம் வருடத்துப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘எஞ்சின் ஆஃப். கிளட்சை மிதித்தால் வண்டி நகர்கிறது.’ இந்தக் கதை அதிலிருந்து வந்ததுதான். அப்போது நான் கதை எழுத ஆரம்பிக்கவில்லை; பார்த்ததை மட்டும் எழுதுவேன்.

முதல் தொடக்கம்: அன்று ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அமானுஷ்ய அமைதி— (இல்லை. பஸ் ஹாரன், மாவு மிஷின், பட்டப்பகல். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: லோகுவின் மெக்கானிக் ஷெட்டில் துளசிங்கத்தின் பியட் நின்றது. துளசிங்கத்துக்கு ரேஸ் பைத்தியம். அடுத்த மாதம் ஓட்டுவதற்காக, திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில் கனத்த ஸ்பிரிங் வைத்த கிளட்ச் செய்து வாங்கி வந்திருந்தான். அவன் மனைவி ஜெயக்கொடிக்கு ஒன்பதாம் மாதம்.

“புள்ள பெக்கப் போற வண்டிக்கு ரேஸ் கிளட்சா? புள்ள இன்னா ஹெல்மெட்டோடயா பொறக்கப் போவுது?”

“வலி வந்தா சீக்கிரம் போலாம்ல கொடி!”

2

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், எனக்குப் பிடித்த இடம் இது. எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம் ஒன்று. அதை ஒட்டி, டயர்களைச் சுழற்றும் ஒரு தட்டு. ஸ்பிரிங் தட்டைச் சக்கரத்தோடு அழுத்திப் பிடிப்பதால் இரண்டும் சேர்ந்து சுழல்கின்றன. மிதியை அழுத்தினால் பிடி விலகும். ஆகவே கிளட்ச் எதையும் தள்ளாது, இழுக்காது. விட மட்டும் தெரியும் அதற்கு.

3

கிளட்சை மாட்டியதும் சோதித்தோம். லோகு ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நாலாவது கியரில் கிளட்சை விட்டான். எஞ்சின் உடனே செத்தது. நல்ல கிளட்ச் அப்படித்தான் செய்யும்.

“சும்மா உடும்பு மாதிரி புடிக்குது சார்!”

பிறகு, எஞ்சின் அணைந்தபடியே, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, முதல் கியரில் கிளட்சை மிதித்தான். வண்டி ஒரு சாண் முன்னால் போனது. காலை எடுத்தான், நின்றது. மிதித்தான். இன்னொரு சாண்.

“ரோடு சரிவா இருக்கும்,” என்றேன்.

டயருக்கடியில் வைக்க வாங்கிய எலுமிச்சம்பழத்தை லோகு ரோட்டில் வைத்தான். பழம் அசையவில்லை.

நியூட்ரலில் போட்டோம். வண்டியும் அசையவில்லை.

(நியூட்ரலிலும் டயர்கள் எஞ்சினிலிருந்து அதே அளவு விடுபட்டுத்தான் இருக்கும். பிற்பாடு மூன்று மெக்கானிக்குகளிடம் கேட்டேன். ஒருவர், “காலைல இன்னா சாப்ட்ட சார்?” என்றார்.)

வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். முதல் கியரில் மிதித்தால், இப்போது பின்னால் நகர்ந்தது. அதாவது அதே திசை, மேற்கு. அங்கே ரயில்வே கேட். அதைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி.

ஹேண்ட்பிரேக் போட்டு மிதித்தான். நின்றது. ஆனால் கயிற்றை இழுத்து நிற்கும் மாடுபோல, முழு வண்டியும் மேற்கே சாய்ந்து நின்றது.

4

“பழைய பிளேட்டயே மாட்டித் தரேண்ணா. காலைல வரைக்கும் டைம் குடு.”

“ஒரு சாண் நவுந்ததுக்கா? பேஜார் பண்ணாத லோகு. அதான் ஹேண்ட்பிரேக் புடிக்குதுல்ல?”

5

முடிவுகள்.

அ) லோகு பழைய தட்டை மாட்டுகிறான், மறுநாள் பெண் குழந்தை. இதில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் பொய்.

ஆ) கேட் மூடியிருக்கிறது. வரிசையில் முதல் வண்டி பியட். எஞ்சின் உறுமுகிறது. துளசிங்கம் இடது காலை— (மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் கால் தானாகவே மிதிக்குப் போனது. நான் அப்படி எழுதவில்லை.)

இ) நடந்தது. அன்று மாலையே வலி கண்டது. ஆட்டோ பிடிக்கப் போன லோகு இன்னும் திரும்பவில்லை. துளசிங்கம் வண்டியைக் கிளப்பி, “ஏறு, ஏறு” என்கிறான். ஜெயக்கொடி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகமெல்லாம் வேர்வை. புருஷனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறாள்.

“இவுரு ஆயிரம் சொல்லுவாரு. நீங்கதான கூட குந்திகினு பாத்தீங்க? சொல்லுங்க சார், ஏறட்டா?”

நான் ஒரே ஒரு சொல் சொன்னேன். அதை எங்கேயும் எழுதியதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

இப்போது நான் பார்த்ததையெல்லாம் நீங்களும் பார்த்துவிட்டீர்கள். அடுத்த வலி வருவதற்குள் அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.