ஒன்பதாம் எண் வீட்டுப் புல்

இயந்திரம் அலறத் தொடங்கியபோது கிளெனிஸ் தன் கணவன் டெஸ்ஸின் நாக்கில் ஒரு ஐஸ் துண்டை வைத்துக்கொண்டிருந்தாள். குடிக்கும் தண்ணீருக்கு டாக்டர்கள் அளவு வைத்துவிட்ட பிறகு அவனுக்குத் தாகம் தீர ஐஸ்தான் வழி. சலவை அறைக்குப் பக்கத்து அறையில், சாய்வு நாற்காலியில், இடது கையை நீட்டிக் கிடந்தான். கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியே ரத்தம் வெளியே போய், டயாலிசிஸ் இயந்திரத்துக்குள் கழுவப்பட்டு, இன்னொன்றின் வழியே திரும்பி வந்துகொண்டிருந்தது. போன கோடையிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் மதியம் முழுக்க இப்படித்தான். இயந்திரத்தின் அலறல்கள் எல்லாம் கிளெனிஸுக்குப் பழக்கம். குழாய் மடங்கினால் ஒரு மாதிரி, காற்றுக் குமிழி வந்தால் வேறு மாதிரி. இந்தச் சத்தத்தை அவள் பயிற்சியின்போது மட்டும்தான் கேட்டிருந்தாள். திரையில் ஒரே ஒரு வரி. தண்ணீர் வரவில்லை.

சலவை அறைக் குழாயைத் திருகிப் பார்த்தாள். அது ஒருமுறை இருமிவிட்டு ஓய்ந்தது.

"டெஸ், கைய அசைக்காத. இதோ வந்துட்டேன்."

ஊசி மாட்டியிருக்கும்போது அவனைத் தனியே விட்டுப் போகவே கூடாது என்று நர்ஸ் அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். ஊசி நழுவினால், வாசலில் யார் என்று பார்த்துவிட்டு வருவதற்குள் ரத்தமெல்லாம் தரையில் இருக்கும். அது தெரிந்தேதான் அவள் ஓடினாள். முன்கதவைத் திறந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. தெரு முழுக்கக் காய்ந்த ரொட்டியின் நிறம். அவள் வீட்டு முன்புறத்தில் மட்டும், வெட்கமே இல்லாமல், பச்சைப் புல். நடைபாதை ஓரத்தில் தண்ணீர் மீட்டரின் இரும்பு மூடி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த குழாயின் கைப்பிடி குறுக்கே திரும்பியிருந்தது. யாரோ மூடியிருக்கிறார்கள். மண்டியிட்டுத் திருகினாள். மண்ணுக்கடியில் குழாய் ஒருமுறை அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தாள், தெருவில் ஒருவரும் இல்லை. எதிர்வீட்டு வலைக்கதவு மட்டும் காற்றே இல்லாத மதியத்தில் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு?" என்று டெஸ் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. குழாய்ல காத்து."

அவள் திரையையே பார்த்தபடி நின்றாள். சத்தம் அடங்கியது. சிவப்புக் குழாய்கள் எப்போதும்போல ஓடின. ஊசி போட்ட இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

எல்லாம் அந்தப் புல்லால் வந்தது. ரத்தம் கழுவ இயந்திரத்துக்கு மிகச் சுத்தமான தண்ணீர் வேண்டும். அதற்காக ஒரு வடிகட்டி குழாய்த் தண்ணீரை உறிஞ்சி, பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் துப்பிவிடும். துப்புவதும் நல்ல தண்ணீர்தான், கொஞ்சம் உப்பு கூடுதல், அவ்வளவே. அணையில் அடிமண் தெரிகிற வருஷம் அது. பல் தேய்க்கும்போது குழாயை மூடு என்று ரேடியோவில் பாட்டே போட்டார்கள். தோட்டத்துக்கு ஒரு சொட்டுகூட விடக் கூடாது என்று தடை. குளிக்கிற தண்ணீரை வாளியில் பிடித்துத்தான் ஊரே செடி வளர்த்தது. அத்தனை தண்ணீர் கண்ணெதிரே சாக்கடைக்குப் போவதைப் பார்க்கக் கிளெனிஸுக்கு மனசு வரவில்லை. ஒரு நீண்ட ரப்பர் குழாயைப் பொருத்தி முன்புறப் புல்லில் விட்டாள். அவள் அதைச் சாக்கடையிலேயே விட்டிருந்தால் தெருவில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

முதலில் யாரோ போனில் புகார் சொன்னார்கள். நகராட்சிக் கவுன்சில் வண்டி வந்தது. வந்தவரிடம் இயந்திரத்தைக் காட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, அபராதம் எதுவும் போடாமல் போனார். தெருவுக்குத் தெரிந்தது அபராதம் இல்லை என்பது மட்டும்தான். மறுநாள் கடையில் அவளுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "கவுன்சில்ல ஆள் இருந்தா புல்லு என்ன, நெல்லே போடலாம்" என்றாள். அவளிடமல்ல, கையிலிருந்த பால் பாக்கெட்டிடம் சொல்வதுபோல.

"சொல்லிடலாம் டெஸ். ஒரு வார்த்தை. முடிஞ்சிடும்" என்று கிளெனிஸ் அன்று கெஞ்சினாள்.

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? மூடி போட்ட பாத்திரத்தோட வரிசையா வருவாங்க. கறி, உருளைக்கிழங்கு, மேல சீஸ். பாத்திரத்துக்கு அடியில பிளாஸ்திரி ஒட்டி பேர் எழுதியிருக்கும், திருப்பிக் குடுக்கணும்ல. எங்கப்பாவுக்கும் அப்படித்தான் வந்தாங்க. வாசல்ல நின்னு மெதுவா பேசினாங்க. ஃப்ரிட்ஜ் நிறைஞ்ச வாரமே அவரு போயிட்டாரு." சிரிக்கத்தான் பார்த்தான். "எனக்கு முதுகுவலின்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. அது அப்படியே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு பலகையும் டெஸ்ஸின் யோசனைதான். மழைநீர்த் தொட்டி வைத்திருந்த வீடுகள், தடை அந்தத் தண்ணீருக்கு இல்லை என்பதால், வேலியில் ஒரு பலகை மாட்டுவார்கள், 'இங்கே தொட்டித் தண்ணீர்' என்று. அதைப் பார்த்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. பழைய பலகை ஒன்றை வாங்கி வந்து கிளெனிஸும் மாட்டினாள். வீட்டில் தொட்டி கிடையாது. பொய்யை வேலியில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே வந்தாள். ஒரு மாதம் தெரு அமைதியாக இருந்தது. பிறகு தெருவே கணக்குப் போடத் தொடங்கியது. மழை பெய்து எத்தனை காலம், எந்தத் தொட்டிக்கு இப்படி வற்றாத வயிறு?

மீட்டர் மூடப்பட்ட அன்று மாலையே அவள் ரப்பர் குழாயைப் புல்லிலிருந்து இழுத்து, பக்கவாட்டுச் சந்தில் இருந்த சாக்கடைக்குள் நுழைத்தாள். ஆனாலும் பயம் போகவில்லை. இரும்பு மூடி தெருவில் இருந்தது. எந்தக் கையும் அதைத் திறக்கலாம். குழாயை அடைத்து ஒரு பத்து நிமிடம் அப்படியே விட்டால்? ரத்தத்தைத் திருப்பி ஏற்றிவிட்டுப் பாதியில் நிறுத்த வேண்டும். ஒருமுறை அப்படி நின்றால் சமாளிக்கலாம். இரண்டு முறை என்றால் உடம்பில் சேரும் உப்பு இதயத்தை நிறுத்திவிடும். பெரிய ஆஸ்பத்திரி மூன்று மணி நேரப் பயணம். கவுன்சிலுக்குப் போன் செய்தாள். பூட்டுப் போட ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. காவலுக்கு மீட்டர் அருகே உட்கார்ந்தால் டெஸ் தனியாகிவிடுவான். டெஸ்ஸின் அருகே இருந்தால் மீட்டர் தனியாகிவிடும். படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தும் அவளால் ஒரு பெண்ணை இரண்டாக்க முடியவில்லை.

கடைசியில் தேவாலயத்தின் பழைய பொருள் கடையில் ஒரு பேபி மானிட்டரை வாங்கினாள். தொட்டில் பக்கம் ஒரு பெட்டி, தாயின் பக்கம் ஒரு பெட்டி. இங்கே அழுதால் அங்கே கேட்கும். அங்கே பேசினால் இங்கே கேட்காது. ஒன்றை டெஸ்ஸின் தலைமாட்டில் வைத்தாள். மற்றதை மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில், தலைக்குக் குடை பிடித்தபடி, மீட்டர் அருகே உட்கார்ந்தாள். இயந்திரத்தின் சீரான முனகல் மடியில் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சத்துக்கொருமுறை உள்ளே ஓடி ஊசியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது மதியம் நெவில் தெருவைக் கடந்து வந்தான். எதிர்வீட்டுக்காரன், தெருவுக்கு நெவ். கம்பளிக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டெஸ்ஸோடு ஒரே அணியில் கால்பந்து ஆடியவன். வீங்கிய முழங்காலோடு தினமும் சலவைத் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து ஊற்றியும் அவனுடைய எலுமிச்சை மரம் போன மாதம் பட்டுப்போயிருந்தது. அடிமரத்தை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தான். பின்னால் அவன் மனைவி ஜாய்லீன், கைகளைக் கட்டிக்கொண்டு.

"என்ன தாயே, தங்கச் சுரங்கத்துக்குக் காவலா?" என்றான் நெவ்.

"வெயிலுக்குக் காத்தாட உக்காந்திருக்கேன்."

"ஏண்டி கிளெனிஸ், மடியில அது என்ன? பிள்ளை பேச்சு கேக்கற பெட்டியா?" ஜாய்லீன் எட்டிப் பார்த்தாள். "இந்த வயசுலயா? டெஸ்ஸுக்கு முதுகுவலின்னுல்ல சொன்ன!"

இருவரும் சிரித்தார்கள். கிளெனிஸும் சிரிக்கப் பார்த்தாள். வாய் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது.

நெவ் பலகையை விரலால் தட்டினான். "தொட்டித் தண்ணி. நல்லது. அன்னைக்கு இந்த மீட்டரை மூடினது நான்தான். நானே சொல்லிடறேன், ஒளிக்கல. மூடின உடனே உன் புல்லுல ஓடின தண்ணி நின்னுபோச்சு. தொட்டித் தண்ணிக்கும் மீட்டருக்கும் என்னம்மா சம்பந்தம்? எனக்குப் புரியல. நான் படிக்காதவன்."

"நெவ், நீங்க நினைக்கறது இல்ல."

"இப்ப குழாயைச் சந்துல ஒளிச்சு வெச்சிருக்க. கேளு ஜாய்லீன், நல்லா கேளு. சாக்கடையில ஊத்துது. எங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு சாக்கடையில! என் மரம் செத்துப்போச்சு கிளெனிஸ். உன் சாக்கடை குடிக்குது." அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. "நான் ஒண்ணும் பண்ணப்போறதில்ல. மூடப்போறேன், சாக்கடையில ஊத்தற சத்தம் நிக்கும், ஜாய்லீன் சாட்சி. அப்புறம் பேப்பர்காரனக் கூப்பிடுவோம். நீ கொஞ்சம் எந்திரி."

"தொடாதீங்க."

"எந்திரிம்மா."

அவள் எழவில்லை. காலை நகர்த்தி மூடியின் மேல் வைத்தாள். செருப்பு வழியாக இரும்பின் சூடு ஏறியது. சொல்லிவிடு என்று மனம் கத்தியது. ஒரு வாக்கியம் போதும். ஆனால் மூடி போட்ட பாத்திரங்களின் வரிசை வாசலில் வந்து நிற்பதுபோல் கண்முன் வந்தது. அதன் கடைசியில் டெஸ்ஸின் முகம், அவளைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிய முகம்.

அப்போது மடியிலிருந்த பெட்டி அலறியது. ஒரு மாதிரி, நீளமாக, விட்டுவிட்டு. அந்த அலறல் அவளுக்குத் தெரியும், ரத்த அழுத்தம் சரிகிறது. அலறலின் அடியில் டெஸ்ஸின் குரல், மிகத் தூரத்திலிருந்து வருவதுபோல.

"கிளென்... எங்க இருக்க? இருட்டுதும்மா. கிளென்..."

நெவ்வின் வாய் திறந்தபடியே நின்றது. "யாரு அது? டெஸ்ஸா? என்ன சத்தம் அது?"

கிளெனிஸ் எழுந்தாள். காலை மூடியின் மேலிருந்து எடுத்தாள். பெட்டியை நாற்காலியில் போட்டாள். நெவ்வின் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்வதற்கு வேண்டிய மூச்சு ஓடுவதற்கு வேண்டியிருந்தது. ஓடினாள்.

டெஸ்ஸின் முகம் மெழுகு நிறத்தில் வியர்த்திருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இழுத்து அவன் தலையைத் தாழ்த்தினாள், கால்களை உயர்த்தினாள். உப்புநீர்ப் பையின் பூட்டைத் திறந்துவிட்டாள். பயிற்சியில் செய்த கைகள் தாமாகவே செய்தன. அவள் மட்டும் எங்கோ தள்ளி நின்று அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. "டெஸ், என்னைப் பாரு. கண்ணைத் திற. இங்கதான் இருக்கேன். ரத்தம் ஓடுது பாரு, கைய மட்டும் அசைக்காத." அவன் இமைகள் ஆடின, திறக்கவில்லை. இப்போது தண்ணீர் நின்றால் என்று நினைத்தாள். நினைக்கக் கூடாது என்று நினைத்தாள்.

தலைமாட்டில் இருந்த பெட்டியில் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இங்கே பேசுவதெல்லாம் வெளியே நாற்காலியில் கேட்கும். அவள் அதன் பக்கம் குனிந்தாள்.

"நெவ்," என்றாள். "நெவ், அது டெஸ்ஸோட தண்ணி. அவனோட ரத்தத்தைக் கழுவற தண்ணி. சிறுநீரகம் ரெண்டும் போச்சு, ஒரு வருஷமாச்சு. மூடாதீங்க. மூடியிருந்தா திறந்துடுங்க. தயவுசெஞ்சு."

பெட்டி பதில் சொல்லாது. அது அவளுக்குத் தெரிந்ததுதான். இருந்தும் காதை அதனிடம் வைத்துக் கேட்டாள்.

"யார்கிட்ட... பேசற?" டெஸ்ஸின் உதடுகள் அசைந்தன.

அவன் கண்கள் பாதி திறந்திருந்தன. அவள் அவனுடைய வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

பக்கவாட்டு சன்னல் வழியே பார்த்தால் சந்தின் முடிவில் தெருவின் ஒரு கீற்று தெரியும். காய்ந்த வேலிச்செடி, அதன் மேல் வானம். ஜாய்லீனைக் காணவில்லை. வேலிக்கு மேலே நெவ்வின் வைக்கோல் தொப்பி மட்டும் அசையாமல் நின்றது. பிறகு அது மெல்லக் கீழே இறங்கியது, முழங்கால் வலிக்கிற மனிதன் உட்காருவதுபோல, அல்லது குனிவதுபோல. வேலிக்குப் பின்னால் தொப்பி மறைந்தது. இரும்பு எதன்மேலோ மோதும் சத்தம் ஒருமுறை கேட்டது. கிளெனிஸ் டெஸ்ஸின் கையை விடாமல் வடிகட்டியின் பக்கம் திரும்பினாள். தண்ணீரின் அழுத்தம் காட்டும் வட்டக் கண்ணாடிக்குள், தண்ணீர் நின்றால் பூஜ்யத்துக்கு விழும் மெலிந்த கறுப்பு முள் நடுங்கிக்கொண்டிருந்தது.