காவல்காரன் கண்ட தூசி

அம்மா அப்பாவின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அன்னக்கிளி அவர் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அப்போதுதான் மேலே எஸ்டேட் ரோட்டில் ஜீப் ஹாரன் அடித்தது.

"ஐயோ, கோட்டை பாக்க வந்தவங்க. இன்னைக்கு வரச் சொல்லியிருந்தாரே," என்றாள் அம்மா. "ஓடிப்போய் விசயத்தச் சொல்லி அனுப்பிட்டு வா. குந்தாவிலருந்து அண்ணன் வந்ததும் எடுத்துருவாங்க. வாய்க்கரிசி போட நீ இருக்கணும்."

வாரம் முழுக்கத் தேயிலைக் காட்டில் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அப்பா ராஜரத்தினம் ஞாயிற்றுக்கிழமை வேறு ஆளாகிவிடுவார். வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு உச்சிக்கு ஏறி, திப்பு சுல்தான் கோட்டையில் மிச்சமிருக்கும் சுவருக்கு முன் நின்று கதை சொல்வார். "நேத்து கண்டியிலருந்து கப்பல்ல வந்தவரு, திப்பு கூடவே வளந்த மாதிரி பேசுறாரு" என்று லயத்து வீடுகளில் கேலி செய்வார்கள். அன்னக்கிளி சோற்றுத்தூக்கோடு பின்னால் போவாள். ஒரு தடவை நான் சொல்றேனே என்று கேட்டால், "பொம்பளப் புள்ள சொன்னா யாரு நம்புவா?" என்று சிரிப்பார்.

ஜீப் அருகே கோயமுத்தூர் குமாஸ்தா வெள்ளியங்கிரி, மனைவி ஜானகியோடும் மாமனாரோடும் நின்றிருந்தார்.

"ஏனுங் அம்மிணி, அப்பா வல்லீங்களா? எங்க மாமனாரு அவரு பேச்ச மறுபடி கேக்கோணும்னே வந்திருக்காருங்க."

"அப்பாவுக்கு ஏலாதுங்க."

"ஏலாதுன்னா? மேலுக்குச் சொகமில்லீங்களா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அப்பாவுக்கு இனி எதுவும் ஏலாது. அதைத்தான் விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன். வாங்க," என்றாள்.

ஏற்றத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. துக்கத்தில் அடிக்கவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் வேகமாக ஏறினாள்.

சுவரருகே நின்று, அப்பாவின் குரலிலேயே தொடங்கினாள். "திப்பு சுல்தானோட காவல் கோட்டைங்க இது. கீழ தெரியிறது மேட்டுப்பாளையம்." அடுத்து அப்பா சுல்தானின் வாளுக்குப் போவார். அவள் போகவில்லை.

"இங்க ஒரு காவக்காரன் நிக்கிறான்னு வச்சிக்கங்க. இந்தக் குளிரு அவனுக்குப் பழக்கமில்ல. திடீர்னு கீழ தூசி கிளம்புது. படையா, மாட்டு மந்தையா? நெருப்பு மூட்டினா கோட்டையே எழும்பும். மாடுன்னு ஆச்சுன்னா இவன் தலை போகும். மூட்டாம விட்டு, அது படைன்னா?"

"மூட்டுனானா இல்லியா, சொல்லு கண்ணு!" என்றார் மாமனார்.

"அப்பா, சித்த சும்மா இருங்க," என்ற ஜானகி, கணவனின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

அன்னக்கிளி கண்ணைச் சுருக்கிக் கீழே தூசியைத் தேடினாள். மூன்று பேரின் மூச்சும் தன் கையில் இருப்பதுபோல உடம்பு சிலிர்த்தது.

"மூட்டிட்டான். எல்லாரும் வாளோட ஓடி வந்து எட்டிப் பாத்தாங்க. அதுக்குள்ள மூடுபனி இறங்கிருச்சி. வந்தது என்னான்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

கிழவர் கைதட்டினார். "அட, உங்கப்பனையே தூக்கிச் சாப்ட்டுப்போட்டியே!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கீழிருந்து தப்பு மேளச் சத்தம் ஏறி வந்தது.

"ஊர்ல ஏதாச்சும் நோம்பி, திருவிழாங்களா?" என்றாள் ஜானகி.

"எங்க வீட்டுலதாங்க," என்று சொல்லிவிட்டு அன்னக்கிளி ஓடினாள்.

பாடை கட்டியாகிவிட்டது. "எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று அண்ணன் அரிசித் தட்டை நீட்டினான். அப்பாவின் வாயருகே அரிசி போட்டாள். அழுகை வரவில்லை. கன்னம் இன்னும் சூடாக, கண்கள் பளபளவென்று இருந்தன. உதட்டைக் கடித்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மூக்கம்மா அவளையே உற்றுப் பார்த்தாள்.

அம்மாவும் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். சட்டென்று அவளை இழுத்து மார்போடு அணைத்து, முந்தானையால் தலையோடு மூடினாள்.

"புள்ள தாங்க மாட்டேங்கிறா," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு குனிந்து, சேலைக்குள் மட்டும் கேட்கும் குரலில், "கதையக் கடைசி வரைக்கும் கேட்டாங்களா?" என்றாள்.

முந்தானைக்குள் அன்னக்கிளியின் தலை, ஆமாம் என்று அசைந்தது.