சட்டை ஊர் சுற்றுகிறது

“மூச்ச இழுங்க” என்றாள் என் தங்கை. மாப்பிள்ளை இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மூட்டை கட்டுகிறவள் போல, பெல்ட்டை இழுத்து முன்பக்கம் ஒட்டினாள். தோல் நிறத்தில் ஒரு சாண் அகலம் இருக்கும். முதுகுப் பக்கம் இரும்புப் பட்டைகள் வைத்துத் தைத்தது. அதன்மேல் அவருடைய பழைய தொளதொளச் சட்டை. கழுத்துப் பொத்தானிலிருந்து கடைசிப் பொத்தான் வரைக்கும் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் நிற்பவரைப் போல என் முன்னால் வந்து நின்றார்.

“தெரியுதா மச்சான்?”

“திரும்புங்க... தெரியல.”

மூலையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “குனிஞ்சா தெரியும்ப்பா. குனியாதீங்க.” பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அந்தக் கோடை முழுக்க அவள் பார்த்ததெல்லாம் விதவிதமாக உடுத்திக்கொண்டு ஊர் ஊராக நிற்கிற பெண்களின் படம்தான்.

கோடைக்கு முன்னால், தெரிந்தவர் வீட்டில் தனியாக ஒரு வேலை பார்க்கப் போய், கழுவிவிட்ட தரையில் ஏணி வழுக்கி மாப்பிள்ளை மல்லாக்க விழுந்தார். முதுகெலும்பில் தட்டு நகர்ந்துவிட்டது என்றார் டாக்டர். ஏணியைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாதாம். ஆனால் பெயிண்ட் அடிக்கிறவனுக்குக் கோடையை விட்டால் வேறு காலம் ஏது? மழை பிடித்துவிட்டால் எந்தச் சுவரும் காயாது, எந்த அடுப்பும் சரியாக எரியாது. எங்கள் மேஸ்திரியோ முந்தின வருஷம் ஒருத்தன் சாரத்திலிருந்து மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடையாய் நடந்தவர். அதிலிருந்து அவருக்கு ஒரே பேச்சுத்தான். “ஒடம்பு முடியாதவன் வீட்ல கெட. என் சாரத்துல ஏறிச் சாகாத.” சொன்னதைச் செய்கிற ஆள். அதனால் பெல்ட் வெளியே தெரிந்தால் அன்றோடு வேலை போயிற்று. இது எனக்கும் தங்கைக்கும் அவர் மகளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அப்போது ஒரு பெரிய வீட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தோம். மாடி, சுற்றிலும் புல்தரை, பின்னால் துணி காயப்போட நீளமாக ஒரு கொடி. உயரமான இடத்தையெல்லாம் நான் எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு ஜன்னல், கதவு, கம்பி. வெயிலில் நாங்கள் எல்லாரும் வெற்றுடம்போடு நிற்க, அவர் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்டு வியர்வையில் ஊறிக்கொண்டிருப்பார். ஆட்கள் அவருக்குத் ‘துரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “துரை, டை எங்க? வீட்ல மறந்துட்டீங்களா?” அவரும் சிரிப்பார். சிரித்தால் முதுகில் வலிக்கும். ஆகையால் உதட்டோடு நிறுத்திக்கொள்வார்.

அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்ணம் கலப்பதில் மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம். கலந்ததும் விரல் நுனியில் ஒரு துளி தொட்டுச் சட்டையில் வைத்துக்கொள்வார். “ஈரத்துல ஒண்ணு சொல்லும், காஞ்சா வேற சொல்லும் மச்சான்.” உடம்புச் சூட்டில் அது காய்கிறவரைக்கும் பொறுத்திருந்து, குனிந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் மஞ்சள் என்பார். பல வருஷமாக இப்படித்தான். நெஞ்சிலிருந்து விளிம்பு வரைக்கும் நகம் அகலத்துக்குப் பொட்டுப் பொட்டாக எத்தனையோ வீட்டின் நிறங்கள். துணி எந்த நிறத்தில் வாங்கியது என்று அவருக்கே மறந்துபோயிற்று. அது அழகு என்று எங்களுக்குத் தோன்றியதில்லை. அழுக்கு என்றும் தோன்றியதில்லை. சட்டை, அவ்வளவுதான்.

வீட்டுக்கார அம்மாவின் அக்கா மகள் ஒரு வாரம் தங்கிப் போக வந்தாள். இருபதைத் தாண்டி ஓரிரண்டு வயது இருக்கும். ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டிகள். கோடை முழுக்க ஊர் ஊராகப் போகிறாளாம். போகிற ஊரில் துணி தேடுகிறாளாம். அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போடுவதுதான் வேலையாம். நல்ல பெண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் தன் கையால் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாரையும் அண்ணா என்றாள். ஏணிக்குக் கீழே நின்று, “பாத்துண்ணா, பயமா இருக்கு” என்றாள். அந்த மாதிரி வீடுகளில் எங்களுக்காக யாரும் பயப்படுவதில்லை.

ஒரு நாள் பெட்டியில் இருந்ததையெல்லாம் கொடியில் தொங்கவிட்டுக் காற்றாட வைத்தாள். பக்கத்தில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். மாவும் கரியும் படிந்த ஒரு ஏப்ரன், ரொட்டி சுடுகிறவர் ஒருவர் கட்டியிருந்தது. தோள் தேய்ந்த ஒரு முரட்டுச் சட்டை, மூட்டை தூக்குகிறவருடையது. உப்புப் பூத்த ஒரு தொப்பி, படகுக்காரர் ஒருவர் தலையிலிருந்து வாங்கியது.

“எல்லாம் ஒழைச்ச துணிண்ணா. எந்தக் கடையில தேடினாலும் கெடைக்காது. நான்தான் கண்டுபிடிச்சேன்.”

“அந்த ரொட்டிக்காரர் இப்ப எதக் கட்டிக்கிட்டு அடுப்பு முன்னாடி நிக்கறாரும்மா?”

நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக் கலகலவென்று சிரித்தாள். “வேற ஒண்ணு வாங்கியிருப்பாருண்ணா!” சிரித்துக்கொண்டே என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றது. ஜன்னல் கம்பிக்கு அடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை அப்போதுதான் கலந்த பச்சையில் ஒரு துளியைத் தொட்டு வயிற்றுப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. புறப்படுகிற அன்றைக்குத்தான் கேட்டாள். வாசலில் கார் நிற்கிறது, பெட்டிகள் ஏறிவிட்டன. சாப்பாட்டு நேரம். நாங்கள் எல்லாரும் புல்தரையில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை மட்டும் உட்கார முடியாமல் தூணில் சாய்ந்து நின்று சாப்பிட்டு முடித்திருந்தார். கையில் மடித்த வெள்ளைச் சட்டையோடு அவள் வந்தாள்.

“அண்ணா, ஒண்ணு கேப்பேன், மாட்டேன்னு சொல்லக் கூடாது. உங்க சட்டை எனக்கு வேணும். சும்மா இல்ல. இது எங்க சித்தப்பாது, ஒரு தடவகூடப் போடல.”

எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். “இது வேர்வை நாறும்மா. துவைச்சு நாளைக்குத் தர்றேன்.”

“ஐயோ, துவைக்கவே கூடாது! அப்படியேதான் வேணும். நான் இப்பவே கெளம்பறேண்ணா.”

“அப்ப பின்னால போய் மாத்திக்கிட்டு வர்றேன்.”

“இல்லண்ணா, நீங்க கழட்டி என் கையில குடுக்கறத எடுக்கணும். அதான் அழகு. ஒரு நிமிஷம்.” அவள் போனை ஜன்னல் திண்டில் சாய்த்து வைக்கத் தொடங்கிவிட்டாள்.

நான் எழுந்து, கழற்றி வைத்திருந்த என் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். “இதுவும் பெயிண்டு பட்டதுதாம்மா. இத எடுத்துக்க.” அவள் என் சட்டையைப் பார்த்தாள். மனசு நோகக் கூடாதே என்று தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்: “இது... சாதாரணமா இருக்குண்ணா.” ஆட்களுக்கு வயிறு குலுங்கியது. எனக்குக் காது சுட்டது.

“குடுத்துட்டுப் போய்யா” என்றார் மேஸ்திரி. “கந்தலுக்குப் பதிலாப் புதுசு வருது. பொம்பளப் புள்ள மாதிரி வெக்கப்படறத பாரு.”

“துரை ஒடம்ப நாங்க பாக்கவே இல்ல, காட்டுங்க துரை” என்றான் ஒருவன். இன்னொருவன் கை தட்டினான். பிறகு எல்லாரும் தட்டினார்கள். வேலை அலுப்பில் கிடைத்த வேடிக்கை, யார் விடுவார்கள்? மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரி, வீட்டுக்கார அம்மா வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தார். “சீக்கிரம்யா, பாப்பாவுக்கு நேரமாவுதுல்ல.”

முதல் பொத்தானை அவிழ்த்தார். இரண்டாவதை அவிழ்த்தார். மூன்றாவதில் விரல் நின்றது. அந்தப் பெண்ணே பக்கத்தில் வந்து, “நான் உதவி பண்றேண்ணா” என்று, குழந்தைக்குக் கழற்றுகிற மாதிரி பக்குவமாக மீதிப் பொத்தான்களை அவிழ்த்துச் சட்டையைத் தோளிலிருந்து உரித்தாள்.

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. வியர்வையில் நனைந்து இடுப்பைக் கவ்விக்கொண்டிருந்த பெல்ட். அதன் மேல் விளிம்பில் தோல் கன்றிச் சிவந்திருந்தது.

“அட” என்றாள் அவள். “இது என்ன பெல்ட்டுண்ணா? சூப்பரா இருக்கே. அப்படியே நில்லுங்க.” போனை எடுத்து முன்னாலிருந்து ஒன்று, சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து ஒன்று எடுத்தாள். அவள் எடுத்து முடிக்கிறவரைக்கும் மாப்பிள்ளை கைகளை உடம்பில் ஒட்டாமல் விலக்கிப் பிடித்தபடி நின்றார். கையை விலக்கிப் பிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மேஸ்திரி கத்தவில்லை. கத்தியிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். பெல்ட்டைச் சுட்டிக்காட்டி, ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: “தூணு நல்லா நிக்குதேன்னு பாத்தேன். உள்ளாற முட்டுக் குடுத்து நிறுத்தியிருக்கான்.” அத்தனை பேரும் சிரித்தார்கள். அது என்ன சிரிப்பு என்று தெரியாமலே அவளும் கூடச் சிரித்தாள். கார் போன பிறகு மேஸ்திரி தணிந்த குரலில், “நாளைக்கு வராத. இப்பவே போயிரு. நடந்து போயிருவல்ல?” என்றார்.

வெள்ளைச் சட்டை சித்தப்பாவின் அளவு. பெல்ட்டுக்கு மேல் பொத்தான் கூடவில்லை. வயிறு திறந்தபடி, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு, ஒரு பொட்டு நிறம் இல்லாமல் மாப்பிள்ளை கேட்டைத் தாண்டிப் போவதைச் சாரத்தின் மேலிருந்து பார்த்தேன். எனக்கு அன்றைக்கு மாடிச் சுவர் மிச்சம் இருந்தது.

சாயங்காலம் நான் போனபோது தங்கை அழவில்லை. “நீ பக்கத்துலதானே இருந்த?” என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு அவள் இரண்டு வீட்டில் பாத்திரம் கழுவப் போனாள். மாப்பிள்ளை பாயில் படுத்தார். ஓடிக்கொண்டிருந்தவரைக்கும் பொறுத்திருந்த முதுகு, படுத்ததும் கணக்குத் தீர்க்க ஆரம்பித்துவிட்டது. பெல்ட் இல்லாமல் எழுந்து உட்கார முடியவில்லை.

சட்டை ஊர் சுற்றியது. முதலில் கண்டுபிடித்தது என் மருமகள்தான். “அப்பா! உங்க சட்டை!” என்று கத்திக்கொண்டு போனைத் தூக்கி வந்தாள். கலங்கரை விளக்கத்தின் அடியில் அந்தப் பெண், கையை முழங்கைவரை மடித்துவிட்டுச் சட்டையைக் காற்றில் பறக்கவிட்டு நிற்கிறாள். அடுத்த வாரம் ரயில் ஜன்னலில். அப்புறம் பெரிய பாலம். அப்புறம் பனி மூடிய மலைக்கு முன்னால். ஒவ்வொரு படமும் வந்தவுடன் மகள் ஓடி வருவாள். “அப்பா, இன்னிக்கு நீங்க பாலத்து மேல நிக்கறீங்க.”

“டிக்கெட் இல்லாமப் போறேன். புடிச்சுரப் போறாங்க” என்பார் மாப்பிள்ளை. சிரித்தால் வலிக்கும் என்பதால் உதட்டோடு நிறுத்திக்கொள்வார். படத்துக்குக் கீழே இருப்பதை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பெயிண்ட் டப்பாவைப் பார்த்துப் படித்த படிப்புதான், மெதுவாகத்தான் வரும். ‘என் கோடையின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு’ என்று ஒன்றில் இருந்தது. எங்கே கிடைத்தது என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். அவள் எல்லாருக்கும் சிரிக்கிற முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தாள்.

வேலை இல்லாத ஒரு நாள் மத்தியானம் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது கடைசிப் படம் வந்தது. ஏதோ ஒரு ஊரின் பெரிய படிக்கட்டு. அதே சட்டை. சட்டைக்கு மேலே, இடுப்பை இறுக்கிக்கொண்டு, தோல் நிறத்தில் ஒரு சாண் அகல பெல்ட். இரும்புப் பட்டைகூட அப்படியே. மருந்துக் கடையில் வாங்கியிருப்பாள். அவர் உள்ளே கட்டி மறைத்ததை அவள் வெளியே கட்டியிருந்தாள். அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

“மாமா, இப்ப எல்லாருமே இதான் போடறாங்க” என்றாள் மருமகள். கண் பளபளத்தது. “நம்ம வீட்ல நெசமானதே இருக்கு.” அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டாள். “அப்பா, படுத்துத்தானே இருக்கீங்க. கொஞ்ச நேரம் குடுங்கப்பா. ஒரே ஒரு போட்டோ.”

மாப்பிள்ளை அப்போதுதான் கொல்லைப்புறம் போக வேண்டும் என்று என்னிடம் கை நீட்டியிருந்தார். எழுந்திருப்பதற்காகக் கட்டிய பெல்ட். மகளின் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “எடுத்துக்க” என்றார். நான் வாயைத் திறந்தேன். “விடுங்க மச்சான்” என்றார்.

அவள் அவர் வயிற்றிலிருந்து பட்டையைப் பிரித்தாள். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

வாசலில் நல்ல வெளிச்சம் என்று அங்கே ஓடினாள். சித்தப்பாவின் அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். “அம்மா, இறுக்கிக் கட்டிவிடும்மா. நீ போனைப் புடி. இல்ல, மொதல்ல கட்டு.” வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்த தங்கை, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றாள். “மூச்ச இழுடி” என்றாள்.

உள்ளே மாப்பிள்ளை ஒரு முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தார். அதற்கு மேல் வரவில்லை, கீழேயும் போக முடியவில்லை. நான் தோளைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, திறந்திருந்த கதவையே பார்த்தபடி இருந்தார்.

“இன்னும் ஒண்ணும்மா” என்றாள் அவள், வெளியே. “இந்தப் பக்கம் திரும்பி.”