ஒரு சாண் உயரம்

இப்போது யார் உப்புநீரை நாக்கில் வைத்துப் பார்க்கிறார்கள்? ஆளாளுக்கு ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது காட்டும் உப்பளவைத் தெய்வவாக்காக எழுதிக்கொண்டு போகிறார்கள். உப்பளத்துக் கிழவர் முப்பத்தாறு வருஷம் காலையும் மாலையும் பாத்தி நீரை நக்கிப் பார்த்தவர். அதனால் உப்பு ஏறி நீர் கெட்டியாகிச் சிவக்கும் மாதங்களில் தரைக்கு ஒரு சாண் மேலே நடந்தார். நீர் இளகினால் இறங்கினார். "அண்ணே, உங்க செருப்பைப் பேரனுக்குப் பேரன் போடலாம்," என்பான் மடை திறக்கிறவன். "வரப்பு பள்ளமாப் போச்சுடா, மண்ணை அள்ளிப் போடு," என்பார் கிழவர்.

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மகள் அளத்தைக் கவனிக்க வந்தபின் வீட்டில் ஓயாத வாக்குவாதம். "தண்ணியைச் சிவப்பாக்குறதே கண்ணுக்குத் தெரியாத உயிருங்கப்பா. எல்லா வேலைக்கும் உள்ளேயே குறிப்பு வச்சிருக்கு. உப்பு ஏறினா ஒரு குறிப்பைப் பிரிச்சுப் படிக்கும், இறங்கினா அதை மூடிட்டு வேற ஒண்ணைப் பிரிக்கும். கெட்டித் தண்ணியில காத்துப்பை கட்டி மிதக்கும். அதுங்கதான் உங்க வயித்துல குடியிருக்கு."

"என் வயித்துல சோறு இருக்கு. போம்மா."

உப்பு வாருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது விடியற்காலையில் மழை கொட்டித் தீர்த்தது. அந்த வருஷத்து விளைச்சல் முழுவதும் பாத்தியின் அடியில் விரல்கனத்துக்குப் படிந்து கிடந்தது. மகள் அடிநீரை மொண்டு குழாயை விட்டுப் பார்த்தாள். கெட்டியாகவே இருந்தது. "ஒண்ணும் ஆகலைப்பா," என்று திரும்பியவள், அப்பா கணுக்கால் வரை சேற்றில் நிற்பதைக் கண்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் வரை இறங்கினார்.

"மழைத்தண்ணி மேலாப்புல நிக்குது. காத்து எழும்பி ரெண்டையும் கலக்கிட்டா அத்தனை உப்பும் கரைஞ்சிடும். மடையில மேல்பலகையை மட்டும் உருவச் சொல்லு!"

அவள் குழாயைப் பார்த்தாள், அப்பாவின் முழங்காலைப் பார்த்தாள், மடைக்காரனைப் பார்த்துக் கத்தினாள். மேல்பலகையை உருவியதும் மழைநீர் பாலேடு வழிவதுபோல் வழிந்து ஓடியது. அடியில் சிவப்பு அப்படியே கிடந்தது. காற்று எழும்பியபோது கலக்குவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நண்பகலுக்குள் கிழவரின் கால்கள் சேற்றிலிருந்து பொளக்கென்று விடுபட்டன. சாயங்காலம் பழைய உயரத்துக்கு வந்துவிட்டார்.

"அடித்தண்ணியை மட்டும் பார்த்தது என் தப்புதாம்பா," என்றாள் மகள். அன்றிலிருந்து அளத்து ஏட்டில் குழாய் காட்டும் எண்ணுக்குப் பக்கத்திலேயே அப்பாவின் உயரமும் ஏறுகிறது. முதல்நாள் அவள் அளவுநாடாவோடு குனிந்து அவர் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே அளந்தாள்.

"சரியா ஒம்பது அங்குலம். இப்பவாவது நம்புறீங்களா?"

"ஒம்பது அங்குலம் பள்ளமாகிற வரைக்கும் வரப்பைப் பார்க்காம எல்லாரும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று முறைத்துவிட்டு, கிழவர் ஈர மண்ணில் ஒரு சுவடும் பதிக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.